பதினான்கு வருஷத்தைப் பங்கு போட்ட பட்டாளம்

பூந்தமல்லி பக்கம், முகூர்த்தமே கிடைக்காமல் மூடிப்போன ஒரு கல்யாண மண்டபத்தில்தான் ராணுவ நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் நீதிபதி உட்கார்ந்தார். மேளக்காரர்கள் உட்காரும் இடத்தில் கைதி நின்றான். சுவரில் பெரிய எழுத்தில் இருந்த 'நல்வரவு' என்பதை அழிக்க ஏணி கிடைக்கவில்லை. ஆகவே எவ்வளவு பெரிய தேசத்துரோகி வந்து நின்றாலும் தலைக்குமேல் 'நல்வரவு' தெரிந்தது.

தொடரின் பெயர் 'சீருடைச் சத்தியம்'. மாமியார் மருமகள் கதை சலித்துவிட்டது, புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று சேனல் சொல்லியிருந்தது. இயக்குநர் திருவேங்கடம் ஒரு வாரம் யோசித்து, அதே கதையை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சீருடை தைத்துப் போட்டார்.

நீதிபதியான பிரிகேடியர் வேடம் ஞானவரோதயனுக்கு. இருபது வருஷம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராக நடித்தவர். ஐந்தடி மூன்றங்குலம். மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர் என்பதால் அவருக்கு மேலே மட்டும் சீருடை, கீழே அவருடைய சொந்த லுங்கி. குற்றம் சாட்டும் மேஜர் நீலமேகம், நாங்குநேரிக்காரர். கைதிக்காக வாதாடும் கேப்டன் பத்மாசனி. காவல் சாவடியை விட்டு நகர்ந்தான் என்று குற்றம் சாட்டப்பட்ட சிப்பாயாக அருமைநாயகம், ஆறடி இரண்டங்குலம். நால்வரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதுதான் சிக்கல்.

இவர்களுக்குப் பட்டாள முறைகளைச் சொல்லிக்கொடுக்க சவரிமுத்து என்ற ஓய்வுபெற்ற சுபேதாரை அமர்த்தினார்கள். அவர் மூன்றே நாள்தான் இருந்தார். நாலாம் நாள் கண் அறுவை சிகிச்சைக்குத் திருச்சிக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது, "உசந்தவங்களைக் கண்டா உடனே சல்யூட் அடிக்கணும். அது ஒண்ணையாவது மறக்காம செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தையற்காரரிடம் டேப் வாங்கி எல்லாரையும் அளந்தார்கள். யூனிட்டிலேயே உசந்தவர் கைதி அருமைநாயகம்தான் என்று தெரிந்தது.

"அப்போ நான்தான் எழுந்து அவருக்கு அடிக்கணும்" என்றார் பிரிகேடியர்.

"அவர் யாருக்கு அடிப்பார்?" என்று கேட்டார் பத்மாசனி.

மேஜர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தூணுக்கு" என்றார்.

அந்த வாரம் முழுக்க, கையில் விலங்கோடு வந்த சிப்பாய்க்கு நீதிமன்றமே எழுந்து நின்று சல்யூட் அடித்தது. சிப்பாய் தூணுக்கு அடித்தான். பத்மாசனி மறுநாள் நாலங்குலக் குதிகால் செருப்பு போட்டுவந்து மேஜரின் சல்யூட்டை வாங்கிக்கொண்டார். பட்டாளத்தில் அவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்தது சாட்சி விசாரணை. வசனத் தாளில், 'மேஜர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார்' என்று மட்டும் எழுதியிருந்தது. வசனம் எழுதுகிறவர் அன்றைக்கு வரவில்லை. நீலமேகத்தின் ஊரில் குறுக்கு என்றால் இடுப்பின் பின்பக்கம். கேமரா ஓடியது. அவர் சாட்சிக் கூண்டருகே போய் மிகுந்த கடுமையோடு கேட்டார்: "உமக்குக் குறுக்கு எப்படி இருக்கு?"

சாட்சியாக வந்த பெரியவர் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தவர். "வலி உயிர் போகுதுங்க" என்றார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா. குனிஞ்சா நிமிர முடியல."

"இதை ஏன் இத்தனை நாள் இந்த நீதிமன்றத்திடம் மறைத்தீர்?"

பத்மாசனி சும்மா விடவில்லை. எழுந்து, கைதிக்கும் சாட்சியின் குறுக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பத்து நிமிஷம் வாதாடினார். இயக்குநர் தலையில் கைவைத்தபடி அதை அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பினார். வேறு காட்சி கைவசம் இல்லை. அந்த வாரம்தான் தொடருக்கு முதன்முதலாக நேயர் கடிதம் வந்தது. முந்நூற்றுச் சொச்சம். எல்லாவற்றிலும் இடுப்பு வலிக்குத் தைலம், கஷாயம், ஒத்தடம். நீதி என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சேனல்காரர்கள் இயக்குநரைக் கூப்பிட்டு, "இப்பத்தான் தொடர் சூடு பிடிக்குது. வழக்கை ஒரு பதினஞ்சு நாள் இழுங்க" என்றார்கள்.

"வழக்கைப் பதினைந்தாம் தேதிக்குத் தள்ளி வையுங்கள்" என்று இயக்குநர் உத்தரவிட்டார். வழக்குக் கட்டுகள் எல்லாம் நீதிபதியின் மேசைமேல் இருந்தன. பதினைந்தாம் தேதி, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் இருந்தது. நால்வரும் தோள் கொடுத்து மேசையை மேடையிலிருந்து இறக்கி, மண்டபத்தின் குறுக்காகத் தள்ளிக்கொண்டு போய், காலண்டருக்கு அடியில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்கள். பதினைந்தாம் தேதிக்கு நேராக ஒரு சாண் பிசகியிருந்தது. அதையும் சரிசெய்தார்கள்.

இப்படியாகத் தீர்ப்பு நாள் வந்தது. பிரிகேடியர் தொண்டையைச் செருமி, "சிப்பாய்க்குப் பதினான்கு வருஷம் கடுங்காவல்" என்று வாசித்தார். கேமரா நின்றது. அருமைநாயகம் விலங்கைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து சுபேதார் போனில் பேசினார். கண்ணில் கட்டு, மனசெல்லாம் மண்டபத்தில்.

"கைதி எங்கே இருக்கான்?" என்று கேட்டார்.

"டீக்கடையில" என்றார் பிரிகேடியர்.

சுபேதாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்டனை சொன்ன அடுத்த நிமிஷம் கைதி டீக்கடையில நின்னா அது கோர்ட்டா, கூத்தா? பட்டாளத்துல தீர்ப்புன்னா தீர்ப்பு. சொன்ன வருஷத்தை முழுசா கழிக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிரிகேடியர், மேஜர், கேப்டன் மூவரும் உடனே டீக்கடைக்குப் போனார்கள். அருமைநாயகம் விஷயத்தைக் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார். கைகளை நீட்டினார்.

அவரை மணமகள் அறையில் அடைத்தார்கள். வாசலில் மரத் துப்பாக்கியோடு இரண்டு துணை நடிகர்கள் காவல். அறையில் சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. முதல் நாள் முழுக்க அருமைநாயகம் அதில் தன் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் பத்மாசனியிடம், "மேடம், நான் நிஜமாவே சாவடியை விட்டுப் போயிட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, அவருடைய மனைவி செண்பகவடிவு வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஆடு சொல்லியாகிவிட்டது. மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் கிடையாது, அப்பாதான். அவரை மட்டும் காணவில்லை.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"கடுங்காவலில் இருக்கார்மா" என்றார் மேஜர்.

"எப்போ வருவார்?"

பத்மாசனி விரல்விட்டு எண்ணி, "பதினாலு வருஷத்தில் மூணு நாள் கழிஞ்சிருக்கு" என்றார்.

செண்பகவடிவு கணவனிடம் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. "எழுந்து வாங்க" என்றாள்.

"தீர்ப்பு ஆயிடுச்சு வடிவு" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "பாப்பா அழுதா, என் மடியில உக்கார்ற மாதிரி நெனச்சுக்கச் சொல்லு."

அவள் திரும்பிவந்து பிரிகேடியர் முன்னால் நின்றாள். "இதுக்கு யாரைப் பார்க்கணும்?"

"மேல்முறையீடு செய்யலாம்" என்றார் பத்மாசனி.

"செய்றேன். விசாரிங்க."

"இங்கே விசாரிக்க முடியாதும்மா" என்று பிரிகேடியர் கையை மேலே காட்டினார். "மேல் முறையீடு. மேலதான்."

மேலே மொட்டை மாடி. சித்திரை மாசம், பகல் இரண்டு மணி. நீதிமன்றம் ஏறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியருகே நின்றது. மற்றவர்களுக்குப் பூட்ஸ் உண்டு. பிரிகேடியருக்கு லுங்கியும் வெறுங்காலும்தான். செண்பகவடிவு தன் கணவன் எதற்கும் லாயக்கில்லாதவன், ஆனால் குற்றவாளி அல்ல என்று ஆரம்பித்தாள். பிரிகேடியர் ஒரு காலை எடுத்து மறு காலை வைத்தார். மறு காலை எடுத்து இந்தக் காலை வைத்தார். அவள் தங்கள் கல்யாணம் நடந்த வருஷத்துக்கு வருவதற்குள், "மனு தள்ளுபடி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடி, கை கழுவும் தொட்டியில் காலை வைத்துக்கொண்டார்.

செண்பகவடிவு பின்னாலேயே இறங்கிவந்தாள். இடுப்பில் கை வைத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "பதினாலு வருஷத்தையும் அந்த மனுசன் ஒருத்தரே சுமக்கணுமா? இத்தனை தடிப்பயலுவ சும்மாத்தானே நிக்கிறீங்க. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு உக்கார வேண்டியதுதானே" என்றாள்.

அவள் திட்டினாள். அவர்கள் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிரிகேடியர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "சட்டத்தில் இதற்குத் தடை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிந்த சட்டத்தில் இல்லை" என்றார் மேஜர். அவருக்குத் தெரிந்த சட்டம் வசனத் தாளில் இருந்ததுதான்.

பத்மாசனி போனை எடுத்துக் கணக்குப் போட்டார். பதினான்கு வருஷம் என்றால் ஐயாயிரத்து நூற்றுப்பத்து நாள். யூனிட்டில் எழுபது பேர். எல்லாரும் சேர்ந்து உள்ளே உட்கார்ந்தால் எழுபத்துமூன்று நாளில் முடிந்துவிடும்.

"ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து" என்றாள் செண்பகவடிவு. தான் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்டபம் எழுநூறு பேர் கொள்ளும். நிரப்பினால் ஏழு நாள் சொச்சம்."

"அப்பவும் ஞாயிறு தாண்டிடுது" என்றார் மேஜர்.

அப்போது பிரிகேடியர் சொன்னார்: "நம்ம தொடரை ஒரு கோடிப் பேர் பார்க்கிறதா சேனல்ல சொல்றாங்களே." சேனல் சொல்லும் எண்ணிக்கையை நம்பிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். பத்மாசனி மறுபடி கணக்குப் போட்டார். ஒரு கோடிப் பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு நாற்பத்துநாலு நொடி. மரியாதைக்கு நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பிரிகேடியர் திரையில் தோன்றி, நாட்டுப்பற்றுள்ள ஒவ்வொருவரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பத்தைந்து நொடி தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு திரையில் மணமகள் அறைக் கதவை மட்டும் காட்டினார்கள். நடுவில் சேனல் ஒரு தலைமுடித் தைல விளம்பரத்தைச் செருகியது. விளம்பர நேரம் தண்டனையில் சேருமா என்று மண்டபத்துக்குள் விவாதம் வந்தது. "விளம்பரம்தான் கடுங்காவல். மற்றதெல்லாம் வெறும் காவல்" என்று மேஜர் முடித்துவைத்தார்.

ஜனங்கள் உட்கார்ந்தார்கள். நாட்டுப்பற்று என்று சொல்லிவிட்டால் எதற்குள் போய் உட்காரச் சொன்னாலும் உட்காருவார்கள். அருமைநாயகம் விடுதலையானார். ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் அழவில்லை, அவர்தான் அழுதார்.

திங்கட்கிழமை தென்காசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பொன்னுலிங்கம், ஓய்வுபெற்ற தபால்காரர். 'ஐயா, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் தயிர் வாங்கப் போயிருந்தேன். என் பங்குத் தண்டனையை அனுபவிக்கவில்லை. மனசு உறுத்துகிறது.'

நாற்பத்தைந்து நொடி பாக்கி நிற்கிறது. பிடியாணை எழுதிக்கொண்டு, மேஜரும் கேப்டனும் இரண்டு காவல்காரர்களும் பொதிகை ரயிலில் ஏறித் தென்காசி போனார்கள். பொன்னுலிங்கம் குளித்து, திருநீறு பூசித் தயாராக இருந்தார். தெருவைப் பார்த்திருந்த தன் வீட்டுக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்தார். வெளியே துப்பாக்கிகள் நிமிர்ந்து நின்றன. நாற்பத்தைந்தாவது நொடியில் மேஜர் கதவைத் திறந்தார்.

பொன்னுலிங்கம் வெளியே வந்து, "ஜெயில்ல ஒழுங்கா நடந்துக்கிட்டா தண்டனையில கொஞ்சம் கழிப்பாங்களே. எனக்குக் கழிச்சீங்களா?" என்று கேட்டார்.

நால்வரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள். உள்ளே அவர் இருமக்கூட இல்லை என்பதால் ஐந்து நொடி கழித்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்படியென்றால் ஒரு குடிமகனை ஐந்து நொடி அநியாயமாகச் சிறை வைத்திருக்கிறது பட்டாளம். அதற்குப் பட்டாளம்தான் பதில் சொல்லவேண்டும். அந்த ஐந்து நொடியை அனுபவிக்க நால்வரும் குளியலறைக்குள் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். பொன்னுலிங்கம் வெளியே தாழ்போட்டு, ஒரு மரத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காவல் நின்றார்.

அவரிடம் கடிகாரம் கிடையாது. வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்று எண்ணும்போது எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, என்ன எண்ணுதிய?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? நின்று, விவரமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, கணக்குப் பிசகக்கூடாதே என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு எண்ணுவதற்குள் பால்காரர் வந்தார்.

அந்தத் தெருவில் மொத்தம் நாற்பது வீடு. பொன்னுலிங்கம் அண்ணாச்சி துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று விசாரிக்காமல் கடந்துபோகிறவர் ஒருவர்கூட அங்கே கிடையாது.