இடம் பார்க்காமல் முளைக்கும் இச்சி

அந்தக் காலத்தில், பறவையும் மரமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கோட்டைச் சுவர் சுரண்டும் காத்தாயிக்கு நான்கு அநியாயங்கள் நடந்தன. நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குற்றவாளி தப்பித்துக்கொள்வான்.

முதலாவது, அவள் மரத்தைப் பிடுங்கினார்கள். சுவர் வெடிப்பில் முளைக்கும் செடிகளை உளியால் சுரண்டி எறிவது அவள் வேலை. அப்படி எறியப்போன, ஆலமர இனத்து ஓர் இச்சிக் கன்று, மண்ணில்லாத வெடிப்பில் கிடந்து கிடந்து, சாண் உயரத்திலேயே கிழமரம்போல முறுக்கேறியிருந்தது. எறிய அவளுக்கு மனம் வரவில்லை. உடைந்த பானையின் அடிப்பாகத்தில் வைத்து, கொழுந்து கிள்ளி, வேர் நறுக்கி, பன்னிரண்டு வருடம் வளர்த்தாள். சாண் மரத்தில் விழுது இறங்கியது; மிளகளவில் பழமும் பழுத்தது. அரண்மனைத் தோட்ட மணியம் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது, திருநாளில் அரண்மனை முற்றத்தில் அந்த மரத்தை வைத்து, ஊர் கூடியிருக்க, வளர்த்தவர் பெயரை உரக்கப் படிக்கும் வழக்கப்படி மணியம் ஓலையைப் பிரித்துத் தன் பெயரைப் படித்தார்.

மூன்றாவது, பிரபுக்களுக்கும் சாண் மர ஆசை பிடித்துக்கொண்டது. கோட்டைக்கு வெளியே எவரும் சட்டியில் மரம் வளர்க்கக் கூடாது என்று பறையறைந்தார்கள்.

நான்காவது, ஒரு கன்றுகூட ஊரார் கைக்குப் போகாமல் சுரண்டி எரிக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள்.

அவள் சுரண்டினாள். ஒரு நாள் பக்கத்தில், பழம் தின்று திரியும் குக்குறுவான் பறவை வந்து உட்கார்ந்தது.

"ஏன் அக்கா, நான் போட்ட விதையை எல்லாம் எரிக்கிறாயே, உனக்கும் எனக்கும் என்ன பகை?"

"இடம் பார்த்துப் போடேன்டா. வயிற்றைக் கட்டத் தெரியாதவன் என்னிடம் நியாயம் கேட்க வந்துவிட்டான்."

"சரி, போகிறேன். உள்ளே உன் மரம் இலை கொட்டுகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என் மரமா? ஊரறியப் பெயர் மாறிப்போனதே."

"வெள்ளித் தட்டில் வைத்திருக்கிறார்கள். தரையில் தண்ணீர் சொட்டக் கூடாதாம். அடியில் துளை இல்லை."

உளி நின்றுவிட்டது.

மறுநாள் மணியமே சுவரோரம் வந்தார். திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

"காத்தாயி, அந்த மரத்தைக் கொஞ்சம் பார். ராஜா கேட்பார்."

"முற்றத்தில் வைத்து, ஊர் பார்க்கத்தான் தொடுவேன். என் பெயரைப் படிக்க வேண்டும்."

"சுவர் சுரண்டுகிறவள் பெயரை ராஜா காதில் போடச் சொல்கிறாயா?"

"வேண்டாம் சாமி. செத்த மரத்துக்கு உங்கள் பெயரே பொருத்தம்."

மணியம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

திருநாளன்று காத்தாயி தட்டிலிருந்து மரத்தைத் தூக்கினாள். வேரில் பாதி கறுத்து அழுகியிருந்தது. அழுகியதை நறுக்கிவிட்டு, மடியில் கட்டிக் கொண்டுவந்த, துளையிட்ட இன்னொரு பானையடியில் நட்டாள்.

மரம் மெல்லப் பேசியது. "பழத்தைச் சுமக்கத் தெம்பில்லை அம்மா. பறித்துவிடு. ஒன்றுகூட இந்தக் கோட்டைக்குள் தங்க வேண்டாம்."

எல்லாப் பழத்தையும் பறித்து அவள் முந்தானையில் போட்டுக்கொண்டாள். மணியம் ஓலையைப் பிரித்தார். மறுபடியும் தன் பெயரையே படித்தார். கூடியிருந்த ஆயிரம் பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காத்தாயி கத்தவில்லை, அழவும் இல்லை. முந்தானையை உதறினாள். பழங்கள் முற்றமெங்கும் சிதறின.

"குக்குறுவான், உன் கூட்டத்தைக் கூப்பிட்டுத் தின்னுடா. இனி இடம் பார்க்காமல் போடு."

காவலர் கம்பெடுப்பதற்குள் முற்றம் முழுக்கச் சிறகாயிருந்தது.

அடுத்த மழையில் கிணற்றுச் சுவரில், கோபுரத்தில், குடிசை மண்சுவரில், மணியம் வீட்டு மாடியில் எல்லாம் இச்சி முளைத்தது. எல்லாவற்றையும் சுரண்டி எரிக்க உத்தரவு வந்தது. காத்தாயியோடு சுவர் சுரண்டுகிறவர்கள் அத்தனை பேரும் கோட்டை வாசலில் உளிகளைக் குவித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள். அவர்களை விட்டால், சுவர் சரியாமல் வேரெடுக்கத் தெரிந்தவர் யாருமில்லை. அதற்குள் மண் குழைப்பவரும் துணி வெளுப்பவரும் தங்கள் சுவரில் முளைத்ததைப் பெயர்த்து ஓட்டைச் சட்டியில் வைத்துக் கொழுந்து கிள்ளத் தொடங்கிவிட்டார்கள். தெரியாதவர்களுக்குக் காத்தாயி வாசல் வாசலாகப் போய்க் காட்டிக்கொடுத்தாள். எல்லா வீடும் குற்றவாளி வீடானபின் எந்தச் சிறை கொள்ளும்? பறை ஓய்ந்தது.

அடுத்த திருநாளில் முற்றம் கொள்ளாமல் சட்டிகள் வந்தன. ஓலையை நீட்டிய மணியத்தை யாரும் பார்க்கவில்லை. முதலில் சட்டியை இறக்கிய வண்ணாத்தி பேராச்சி, போன வருடம் வாய் திறக்காமல் நின்றவள், தன் பெயரைச் சொல்லுமுன் வேறொரு பெயரைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். காத்தாயி கூட்டத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு தடவையும் தலை நிமிர்ந்தபடி கேட்டாள்.

அன்று முதல்தான் இச்சி ஏழை பணக்காரன் பாராமல் எவர் சுவரிலும் முளைக்கிறது. அன்று முதல்தான் அதைப் பெயர்த்துச் சட்டியில் வைக்கிறவர்கள், அடியில் துளையிட்டு, அக்கம்பக்கத்தார் நால்வரைச் சாட்சிக்கு நிறுத்தி, தங்கள் பெயருக்கு முன்னால் இதை உரக்கப் படிக்கிறார்கள்: கோட்டைச் சுவர் சுரண்டிய காத்தாயி.