மாட்டேன்னு சொன்ன குறுணி

ஈச்சங்கரைன்னு ஒரு ஊரு. அந்த ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டல், அந்தப் பொட்டல்ல ஒரு குடிசை, அந்தக் குடிசையில சங்கிலியாண்டின்னு ஒரு மந்திரவாதி இருந்தான். ஊர்க்காரன் இல்ல, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிட்டவன். மீசையைப் பாத்தா புலி, மனசைப் பாத்தா பெருச்சாளி. அவன்கிட்ட ஒரு குட்டிப்பேய் இருந்துச்சு, அதும் பேரு குறுணி. குறுணி நெல்லு கொள்ற மரக்கால் இருக்குல்ல, அந்த உசரந்தான் இருக்கும். ரெண்டு முட்டைக் கண்ணு, ஒரு சொத்தைக் கொம்பு, வாய் மட்டும் இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். பயப்படாதடி, அது உன்னையெல்லாம் ஒண்ணும் பண்ணாது, கேளு.

குறுணி ஒரு காலத்துல யாருக்கும் அடங்காமத் திரிஞ்ச பேய்தான். ஒரு நாள் புளியமரத்துல தலைகீழாத் தொங்கிக்கிட்டு அசந்து தூங்கிருச்சு. அப்ப சங்கிலியாண்டி பூனை மாதிரி வந்து, அதோட உச்சிக் குடுமிய அறுத்து, எட்டிமரக் கம்புல வச்சு, ஒரு இரும்பாணிய அடிச்சுட்டான். ஆணி முழுசா இறங்கலை, நாலு விரக்கடை, அதான் நாலு விரல் அகலம், வெளியதான் நின்னுச்சு. பேய்க்கு இரும்பைத் தொட முடியாது பாரு, அதனால அது அவனுக்கு அடிமையாயிருச்சு. அந்தக் கம்பை அவன் குளிக்கிறப்பகூட கீழ வைக்க மாட்டான். "சொன்னது செய்யலைன்னா ஆணியத் தட்டுவேன், ஆணி முழுசா இறங்குச்சுன்னா நீ இந்தக் கம்புல ஒரு கணுவாப் போயிருவ, அப்பறம் காலாகாலத்துக்கும் கட்டைதான்"னு சொல்லிட்டான்.

அப்பறம் ரெண்டும் சேந்து அடிச்ச கூத்தக் கேளு. குறுணி போயி கிணத்துக் கயித்த ஒளிச்சு வைக்கும், உறி மோரைக் கவுத்தும், கல்யாண வீட்டுச் சாம்பார்ல சாணியப் போடும். ஊருக்காரங்க கண்ணுக்குத்தான் அது தெரியாதே. உடனே சங்கிலியாண்டி மீசைய முறுக்கிக்கிட்டு வந்து, "பேய் புகுந்துருக்கு, நான் ஓட்டுறேன்"னு ரெண்டு உடுக்கை அடிச்சுட்டு, கோழியத் தூக்கிட்டுப் போயிருவான். கோழிக்குழம்பு அவனுக்கு, வாசனை மட்டும் குறுணிக்கு. குறும்பு பண்றது குறுணிக்குப் பிடிக்குந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தவன் சொல்லிப் பண்ற குறும்புல என்னடி ருசி இருக்கு?

இப்படி இருக்கையில அந்த ஊர்ல அய்யனாருக்குப் புரவி எடுக்க நாள் வச்சாங்க. புரவின்னா மண்குதிரை, யானை உசரத்துக்குச் செஞ்சு, சுட்டு, வர்ணம் பூசி, தூக்கிட்டுப் போயி கோயில்ல நிறுத்துவாங்க. அதைச் செய்ற உரிமை, பானை சட்டி வனையிற வேளார் வீட்டு அடைக்கிங்கிறவளுக்கு. புருசன் செத்த பெறகு "பொம்பளை எப்படிப் புரவி செய்யலாம்"னு ஊரே முணுமுணுத்துச்சு. "என் கை மண்ணுல நிக்கிதா இல்லையான்னு குதிரை சொல்லட்டும், நீங்க சொல்ல வேணாம்"னு சொல்லிட்டா. அப்படியாப்பட்டவ.

இந்தக் குதிரையில ஒரு சங்கதி இருக்கு, மறக்காம மனசுல வச்சுக்கங்க. எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் கண்ணு எழுதுவாங்க. அது வரைக்கும் அது வெறும் மண்ணு. கண்ணு தொறந்ததும் அது மொதல்ல எந்த மனுசனைப் பாக்குதோ, அவந்தான் அதுக்குக் குதிரைக்காரன். ஒரு வருசம் கோயில விட்டு நகர முடியாது, புல்லறுக்கணும், தண்ணி தூக்கணும், குதிரைக்கு ஈ ஓட்டணும். அதனால கண்ணு தொறக்கிற நேரத்துல ஊரே குதிரைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும். கண்ணு எழுதுற கைக்கு மட்டும் அது பலிக்காது. கண்ணு எழுதுறவ குதிரை முன்னாடி ஒரு கண்ணாடியப் பிடிப்பா, குதிரை தன்னையே பாத்துக்கும், யாருக்கும் வில்லங்கம் இல்ல. ஒரு தடவை ஒரு தாத்தா தும்மிட்டுத் திரும்பிட்டாரு, ஒரு வருசம் கழிச்சுக் கூன் விழுந்துதான் வீட்டுக்கு வந்தாரு.

சங்கிலியாண்டிக்கு இந்த வில்லங்கமெல்லாம் தெரியாது. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், முதல் மரியாதை. கோயில்ல பரிவட்டம் தனக்குத்தான் மொதல்ல கட்டணும். "குதிரை உடைஞ்சு போச்சுன்னா அய்யனார் கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போயிட்டாருன்னு சொல்லிரலாம். நான்தான் அவரை மறுபடி அழைச்சுட்டு வந்தேன்னா, அப்பறம் எனக்குத்தான் பரிவட்டம்"னு கணக்குப் போட்டான். "ஏய் குறுணி, போயி அந்தக் குதிரைய உடைச்சுட்டு வா"ன்னான்.

குறுணி மத்தியான வெயில்ல துள்ளிக்கிட்டுப் போச்சு. போயிப் பாத்தா குதிரையே இல்ல, கொட்டகையில களிமண்ணுதான் மலை மாதிரி கெடக்கு. சரி, மண்ணையாவது நாசம் பண்ணுவோம்னு மேல ஏறிக் குதிச்சுச்சு. குதி குதின்னு குதிச்சுச்சு.

அடைக்கி கண்ணு எழுதுற கைக்காரியாச்சே, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. திரும்பிப் பாத்தா. அலறினாளா? இல்ல. "ஏண்டா கொம்பா, நடுவுலயே குதிக்கிறியே, ஓரத்துல யாரு மிதிக்கிறது? அங்கயும் குதி"ன்னா.

குறுணிக்குத் திக்குனு ஆயிருச்சு. "என்னையத் தெரியுதா உனக்கு? நான் பேய்! நாசம் பண்ண வந்துருக்கேன்!"

"நல்லாப் பண்ணு. இந்த மண்ண மிதிக்க நாலு ஆளு வேணும், ஒருத்தனும் வரல. கொஞ்சம் உமியத் தூவுறேன், அதையும் சேத்து நாசம் பண்ணு."

அது கோவத்துல இன்னும் குதிச்சுச்சு, மண்ணு வெண்ணெயாயிருச்சு. பொழுது சாயுறப்ப அடைக்கி ஒரு எலையப் போட்டு, கம்மங்கூழ ஊத்தி, கடிச்சுக்க ஒரு வெங்காயத்த வச்சு, "உம் பேரென்ன, உக்காரு, சாப்பிடு"ன்னா. குறுணிக்கு எலை போட்டு யாருமே சோறு வச்சதில்ல, பேரும் யாரும் கேட்டதில்ல. கூழக் குடிச்சுட்டு, பதில் சொல்லாம ஓடிருச்சு.

"உடைச்சியா?"ன்னான் சங்கிலியாண்டி. "குதிரை இல்ல, மண்ணுதான் இருக்கு"ன்னுச்சு. டொக்குனு ஆணியில ஒரு தட்டு. ஒரு விரக்கடை இறங்கிருச்சு. குறுணிக்கு உச்சந்தலையில நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சு.

நாலு நாள் கழிச்சு ரெண்டாவது தடவை அனுப்புனான். இப்பக் குதிரை நிக்கிது, பச்சை மண்ணு, இன்னும் சுடல. ஒரு தள்ளு தள்ளுனா விழுந்துரும். குறுணி கையத் தூக்குச்சு. அடைக்கி வாலை ஒட்டிக்கிட்டு இருந்தா. குறுணியால வாயை அடக்க முடியல. "சீ, இது குதிரை வாலா, எலி வாலா?"ன்னுச்சு.

"அப்ப நீயே வை"ன்னு மண்ணைக் கையில குடுத்துட்டா.

குறுணி உருட்டுச்சு, நீட்டுச்சு, நாக்க ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு முறுக்குச்சு. நல்ல திமிரான வாலா, மேல தூக்கி வளைஞ்ச வாலா, ஒண்ணு வச்சுச்சு. அடைக்கி தள்ளி நின்னு பாத்துட்டு, "இந்த மாதிரி வாலு இந்தத் தாலுகாவுலயே எந்தக் குதிரைக்கும் கெடையாது"ன்னா. குறுணி அன்னைக்குத்தான் தன் பேரைச் சொல்லுச்சு. ஆணி சங்கதியும் சொல்லுச்சு.

திரும்பிப் போனதும், "உடைச்சியா?" "ஈரமா இருக்கு, கை வழுக்குது." டொக்கு! இன்னொரு விரக்கடை.

மூணாவது தடவை குதிரை சூளையில வெந்துக்கிட்டு இருந்துச்சு. "போ, சூளையில தண்ணிய ஊத்து, குதிரை வெடிச்சுச் செதறட்டும்"னான் சங்கிலியாண்டி. குறுணி வாசப்படிய விட்டு நகரவே இல்ல. கதவு நிலைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிருச்சு.

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன்யா. அது நான் மிதிச்ச மண்ணு. நான் வச்ச வாலு. இத்தனை நாளா நீ சொன்னதையெல்லாம் உடைச்சேன், என் கையால ஒண்ணு உருப்படியா நின்னது இதுதான். உடைக்க மாட்டேன்!"

டொக்கு! மூணாவது விரக்கடையும் இறங்கிருச்சு. குறுணி சுருண்டு விழுந்து கத்துச்சு. "கண்ணு தொறக்கிறதுக்குள்ள உடைக்கணும். இல்லைன்னா மிச்சமும் இறங்கும், நீ கணுதான்"னு சொல்லிட்டுக் கோழிக்காலக் கடிக்கப் போயிட்டான் பாவி.

சூளை ஆறி, வர்ணமும் பூசி, கண்ணு தொறக்கிற நாளும் விடிஞ்சுது. ஊரே கொட்டகை முன்னாடி கூடிருச்சு. கொட்டு முழங்குது, குதிரை வெள்ளையும் செகப்புமா ஜொலிக்கிது, வாலைப் பாத்தவன்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். குறுணி குதிரை முதுகுல ஏறி உக்காந்துக்கிச்சு. சங்கிலியாண்டி ஒரு கையில கம்பு, ஒரு கையில கருங்கல்லு. கூட்டத்துல நின்னுக்கிட்டு உதட்ட மட்டும் அசைச்சான், "உடை."

குறுணி படக்குன்னு நாக்க நீட்டுச்சு. "மாட்டேன்! கணுவாப் போனாலும் போறேன், மாட்டேன்!"

அவன் ஆணிய அடிக்கக் கல்ல ஓங்கிட்டான். அடைக்கி பாத்துட்டா. மடியில இருந்த கண்ணாடிய இன்னும் உள்ள தள்ளிச் செருகிக்கிட்டு, ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டா.

"சாமியாரே! அங்க ஏன் நிக்கிறீக? மொதப் பார்வை வாங்குற மரியாதை உங்களுக்குத்தான். முன்னாடி வாங்க!"

மரியாதைங்கவும் அவனுக்குக் காது வெடைச்சுக்கிச்சு, கல்லு கீழ விழுந்துருச்சு. ஆனாலும் சந்தேகம். "ஏன், ஊருக்குத் தலைவரு அம்பலம் இருக்காரே, அவருக்கு வேணாமா?"ன்னான்.

அம்பலத்துக்குச் சங்கதி புரிஞ்சு போச்சு. "அய்யய்யோ, எனக்கு அந்தத் தகுதி ஏதுங்க, நீங்களே வாங்கிக்கங்க"ன்னாரு. மடையத் தொறக்குற நீராணிக்காரர், "எனக்கும் வேணாஞ் சாமி"ன்னாரு. கொட்டுக்காரர் கொட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "எனக்குக் கனவுலகூட வேணாம்"னாரு. கோழியப் பறிகுடுத்தவங்க எல்லாரும் தலையத் தலைய ஆட்டுனாங்க. சங்கிலியாண்டிக்கு நெஞ்சு பூரிச்சுருச்சு.

"சாமி முன்னாடி செருப்பு ஆகாது"ன்னா அடைக்கி. கழட்டுனான். "தலப்பா ஆகாது." அவுத்தான். "கம்பு ஆகாது. அய்யனார் ஒருத்தர் கையிலதான் கம்பு இருக்கணும்." அங்கதான் கொஞ்சம் யோசிச்சான். யோசிச்சுட்டு, யாருகிட்டயும் குடுக்காம, கைக்கு எட்டுற தூரத்துல தரையில குத்தி வச்சுட்டு, மீசைய நீவிக்கிட்டு, குதிரை மூஞ்சிக்கு நேரா நின்னான்.

ஊரு மொத்தமும் சட்டுனு திரும்பி முதுகக் காட்டிருச்சு. அந்த மடையன் என்ன நெனச்சான் தெரியுமா? தன்னோட தேஜசு தாங்காமத் திரும்பிக்கிட்டாங்கன்னு நெனச்சான்!

அடைக்கி ஏணியில ஏறி வலது கண்ணுக்கு ஒரு இழுப்பு, இடது கண்ணுக்கு ஒரு இழுப்பு. மண்குதிரை 'ஹூம்'னு ஒரு மூச்சு விட்டுச்சு. நேராப் பாத்துச்சு. சங்கிலியாண்டியோட இடுப்பு தன்னால வளைஞ்சுது, கை தன்னால தரையில இருந்த புல்லப் பிடுங்க ஆரம்பிச்சுது. "ஏய், என்னடி இது! என் கை, என் கை!"ன்னு கத்துறான், கை மட்டும் புல்லப் பிடுங்கிக்கிட்டே இருக்கு.

அடைக்கி ஏணியிலேருந்து குதிச்சா. கம்பைப் பிடுங்குனா. ஒரு விரக்கடை ஆணிதான் வெளிய நிக்கிது, கையில பிடிக்க வழியில்ல. பல்லால கவ்வுனா. ஒரு இழுப்பு, வரல. ரெண்டாவது இழுப்பு, வரல. மூணாவது இழுப்புல ஆணியும் வந்துருச்சு, அவ முன்பல்லு ஒண்ணும் கூடவே வந்துருச்சு. ரெண்டையும் சேத்துத் துப்புனா.

ஆணி போனதும் குறுணி எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுருச்சு. ஊரு திரும்பிப் பாத்தா, குதிரை மேல குட்டிப்பேய்! "உங்க மோரைக் கவுத்தது நான்தான், சாம்பார்ல சாணி போட்டதும் நான்தான், சொல்லி அனுப்புனது அவன்தான், கோழியத் தின்னதும் அவன்தான்!"னு எல்லாத்தையும் கொட்டிருச்சு. ஊருக்காரங்க ஆளுக்கொரு அருவாளக் கொண்டுவந்து சங்கிலியாண்டி முன்னாடி வச்சாங்க. வெட்டுறதுக்கு இல்லடி, புல்லறுக்க! கையால பிடுங்குனா எப்ப முடியிறது?

"குறுணி, என்னையக் காப்பாத்து, வாடா!"ன்னான் சங்கிலியாண்டி.

"மாட்டேன்."

அம்பலம் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, "சரி குறுணி, நீ அய்யனாருக்கு ஊழியம் பண்ணிக்கிட்டுக் கோயில்லயே இரு"ன்னாரு.

"மாட்டேன்."

அடைக்கி வாயில ரத்தத்தத் துடைச்சுக்கிட்டு, "எங்கூட மண்ணு மிதிக்கவாவது வர்றியா?"ன்னா.

குறுணி அவ பொக்கை வாயைப் பாத்துச்சு. கண்ணு கலங்கிருச்சு அதுக்கு. ஆனாலும், "மாட்டேன்"னுச்சு. "கூப்பிட்டா வரமாட்டேன். இனிமே யாரு கூப்பிட்டும் வரமாட்டேன்"னு சொல்லிட்டு, கம்புலேருந்து விழுந்த தன் குடுமிய எடுத்துக்கிட்டு ஒரே தாவு, போயே போயிருச்சு.

புரவியக் கோயில்ல நிறுத்திட்டு, அடைக்கி கொட்டகைக்குத் திரும்புனா. அடுத்த பானைக்கு மண்ணக் குழைச்சுப் போட்டுட்டு, ஒரு எலையில கூழ ஊத்தி வச்சுட்டு, வீட்டுக்குப் போயிட்டா. காலையில வந்து பாத்தா மண்ணு வெண்ணெயா மிதிச்சுக் கெடக்கு. எலை காலியாக் கெடக்கு. அவ செஞ்சு காயவச்ச பானைக்கெல்லாம் ஆளுக்கொரு வாலு ஒட்டியிருக்கு.

நாளைக்கு உன்னைய ஒருத்தன் மெரட்டி, மனசுக்கு ஆகாததைச் செய்யச் சொன்னான்னா, மரக்கால் உசரப் பேயே சொல்லிருச்சு, உனக்கென்ன வாயில்லையா? சொல்லு.

என் கதை இம்புட்டுத்தான். தூங்குங்கன்னு சொன்னா மாட்டேம்பீங்க, அதனால நான் சொல்லல. நீங்களாத் தூங்குனாத் தூங்குங்க.