சேலை கிடந்த இருக்கை

“எவனோ வேணும்னே பண்ணுதான் சாமி. இந்தச் சிவப்பு விளக்கைப் போட்டுட்டு உக்காந்திருக்கானே, அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். நான் நேரத்துக்குப் போய்ச் சேரக் கூடாதுன்னு எனக்குன்னே பண்ணுதான்.”

மாசானம் ரயில் பெட்டியின் வாசலில் நின்று, தூரத்து சிக்னலை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினார். பகல் பதினொன்றரை மணி. கருவேலங்காட்டுக்கு நடுவில் ரயில் நின்று ஒரு மணி நேரமாகியிருந்தது.

குரு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாசானத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சீடர் மாசானம்தான். பழைய லாரி டயர் வாங்கி விற்கிற தரகர். யார் எதைச் சொன்னாலும் பாதியாகக் குறைத்துக் கேட்டே வளர்ந்தவர். குருவிடம் வந்து சேர்ந்த அன்றும், “தியானம் ஒரு மணி நேரமா? அரை மணியில முடிச்சுக்கிடுவோமே,” என்று கேட்ட மனிதர்.

அன்று காலை அவருடைய அக்கா பேச்சியம்மாள் இறந்துபோனாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் உடம்பைத் தூக்குவார்கள். பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது மாசானம் ஒருவர். அரக்கு நிறச் சேலை அவர் கக்கத்தில் இருந்தது.

“ரயில்னாலே இதுதான் சாமி. எதிர் வண்டிக்குக் காத்துக் கிட, சிக்னலுக்குக் காத்துக் கிட. பஸ்ஸுன்னா டிரைவர்கிட்டயாவது சண்டை போடலாம். இங்க யார் சட்டையைப் பிடிக்க?”

“அக்கா வீட்டுக்குக் கடைசியா எதுல போனீங்க அண்ணாச்சி?”

“போன கோடைக்கு ரயில்ல டிக்கெட் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் நாப்பத்தொண்ணு. கடைசி வரைக்கும் கிடைக்கலை. அதுக்கு முந்தின பொங்கலுக்கு பஸ்ஸு. ஸ்டாண்டுக்குப் போனா, கால் வைக்க இடமில்லை, திரும்பிட்டேன். அவ மக சடங்குக்கு, தாய்மாமன் நான் போயிருக்கணும், பஸ்ஸுல குலுங்கினா முதுகு போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு...”

“நான் போனதைக் கேட்டேன்.”

மாசானம் சிக்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார், “பதினோரு வருஷம் இருக்கும்.”

கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலை தெரிந்தது. பேருந்து ஒன்று அதில் விரைந்து போனது. மாசானம் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் இருக்கையில் விரித்தார்.

“இறங்குங்க சாமி. ரோட்டுக்குப் போவோம்.”

“துண்டு?”

“கிடக்கட்டும். பஸ் தோதுப்படலைன்னா திரும்பி வந்து உக்காந்துக்கிடலாம். எதையும் ஒரேயடியா விட்டுரக் கூடாது சாமி.”

இருவரும் சாலையில் ஏறி நின்றபோது பின்னால் ரயில் ஊதியது. பச்சை விளக்கு விழுந்திருந்தது. துண்டோடு ரயில் போய்விட்டது. மாசானம் ஒரு கல்லை எடுத்து வீசினார். அது தண்டவாளம் வரைக்கும்கூடப் போகவில்லை.

ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்து அடுத்த ஊர் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். தெற்கே போகிற வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரே நெருக்கடி. மாசானத்துக்கு வழக்கம் தெரியும். சன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டால் இடம் போட்டவருக்கு. அதை எடுத்துவிட்டு உட்கார எவருக்கும் மனசு வராது.

தோளில் துண்டு இல்லை. கக்கத்தில் சேலை இருந்தது.

“அண்ணாச்சி,” என்றார் குரு.

அதற்குள் சேலை சன்னலுக்குள் போய் இருக்கையில் விழுந்துவிட்டது.

“கருங்காலிப்பட்டி விலக்குல நிக்குமா?” அக்கா ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தைச் சொல்லி மாசானம் கண்டக்டரைக் கேட்டார்.

“அங்கெல்லாம் நிக்காது.”

“நிப்பாட்டினா என்ன, டயரா தேஞ்சு போவும்? எந்த டயர் எத்தனை நாள் தாங்கும்னு என்கிட்ட கேளுய்யா.”

“அப்ப டயர் மேலேயே ஏறிப் போங்க பெரியவரே. நமக்கு நேரமாச்சு.”

“ஏறிருவோம் அண்ணாச்சி. பிறகு பேசிக்கலாம்,” என்றார் குரு.

“ஏறிட்டா நம்ம பேச்சுக்கு என்ன மதிப்பு சாமி? கீழ நிக்கும்போதுதான் பேசி முடிக்கணும்.”

நேரக் காப்பாளரின் அறைக்குப் போனார். மேசையைத் தட்டினார். விலக்கில் நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை வாங்காமல் நகர மாட்டேன் என்றார். நேரக் காப்பாளர் தலை சொறிந்து, சரி என்று சொல்ல வாயெடுத்தபோது, வெளியே வண்டி புறப்பட்டுப் போயிருந்தது.

குரு தனியாக நின்றிருந்தார்.

“நீங்களாவது நிப்பாட்டக் கூடாதா சாமி?”

“கை காட்டினேன். அந்த இருக்கையில யாரோ ஒரு அம்மா உக்காந்து என்னைப் பாத்தாங்க. கையை இறக்கிட்டேன்.”

“என் சேலை மேலயா? எவ அவ?”

குரு வண்டி போன திசையைப் பார்த்தார்.

அடுத்த வண்டி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மாசானம் வழியெல்லாம் அந்த முகம் தெரியாத பெண்ணைத் திட்டினார். அடுத்தவன் போட்ட இடத்தில் உட்கார்ந்தவள், இழவு வீட்டுச் சேலையைத் திருடியவள், அவள் உருப்பட மாட்டாள் என்றார். பக்கத்தில் நின்ற ஆள் மெதுவாக நகர்ந்து போனான்.

கருங்காலிப்பட்டி விலக்கில் வண்டி வேகம் குறைந்தது. முன்னால் போன அதே பேருந்து ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. பயணிகள் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாசானம் குதித்து இறங்கிக் கண்டக்டரின் சட்டையைப் பிடித்தார்.

“எங்கய்யா என் சேலை?”

“சட்டையை விடுங்க பெரியவரே. சேலையை அந்த அம்மா எடுத்துட்டு எறங்கிட்டாங்களே.”

“எந்த அம்மா?”

“சீட்டுல இருந்தவங்கதான். உங்க கூட வந்தவங்கன்னுல்ல நெனச்சேன். டிக்கெட் கேட்டேன். ரெண்டு குடுன்னாங்க. ஒரு ஆள்தானம்மான்னேன். தம்பி பின்னால நின்னுக்கிட்டே வாரான், அவனுக்கும் சேத்துன்னாங்க.”

மாசானத்தின் கை சட்டையிலிருந்து நழுவியது.

“ஆள் எப்படி?”

“சரியாப் பேச முடியலை. பல்வலியோ என்னமோ, தாடையோட சேத்துத் தலையில துணியைக் கட்டியிருந்தாங்க. செருப்பு இல்லை. கால் ரெண்டையும் ஒட்ட வச்சு ஆடாம அசையாம உக்காந்திருந்தாங்க. இந்த விலக்குல எறங்கணும்னாங்க. இங்கெல்லாம் நிக்காதும்மான்னேன். சொல்லி வாய மூடலை, இஞ்சின் அணைஞ்சு போச்சு. அவங்க எறங்கிப் போயி முக்கால் மணி நேரமாச்சு. இன்னும் ஸ்டார்ட் ஆகலை.”

கண்டக்டர் பையைத் துழாவி ஒரு டிக்கெட்டை எடுத்தான்.

“தம்பி வந்தா குடுக்கச் சொன்னாங்க. இது உங்களுதுதான? வச்சுக்கங்க.”

டிக்கெட் ஈரமாக இருந்தது. எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை வந்தது. பேச்சியம்மாளைக் காலையிலேயே குளிப்பாட்டிவிட்டதாக போனில் சொல்லியிருந்தார்கள்.

மாசானம் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போயிப் பாத்துட்டு வாங்க சாமி. நான் இங்க இருக்கேன். அடுத்த வண்டி வந்தா அப்படியே திரும்பிருவேன்.”

“சரி,” என்ற குரு ஊருக்குப் போகும் மண்பாதையில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் பேருந்தின் இஞ்சின் தானாக உயிர் பெற்றது. பயணிகள் ஓடி ஏறினார்கள். வண்டி போய்விட்டது. வெயிலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. மாசானம் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குருவின் பின்னால் ஓடினார்.

ஊருக்குள் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் தெருமுனையில் கால் வைத்ததும் அது நின்றது.

பந்தலுக்கு வெளியே ஆண்கள் நின்றார்கள். பேச்சியம்மாளின் மகள் முப்பிடாதி எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் குரல் உடைந்திருந்தது.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?”

“சேலை... சேலை வழியில தொலைஞ்சு போச்சு தாயி.”

“சேலை எப்பவோ வந்துட்டுதே. நாங்கல்லாம் குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்தோம். நிமிந்து பாத்தா அம்மா மேல கிடந்துச்சு. நீங்கதான் யார்கிட்டயோ குடுத்துவிட்டிருக்கீங்கன்னு நெனச்சோம்.”

மாசானம் எட்டிப் பார்த்தார். பாடையில் அரக்குச் சேலை கழுத்துவரை போர்த்தியிருந்தது. தாடைக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பாதங்களில் செம்மண் படிந்திருந்தது.

“நாலு மணி தாண்டிட்டே, பிறகு ஏன் இன்னும் தூக்கலை?”

“மூணு பக்கம் ஆள் நிக்காங்க. முன்பக்கம் ஒரு தோளுக்கு மட்டும் எவனும் வர மாட்டேங்கான்.”

“யார் தடுத்தா?”

“யாரும் தடுக்கலை மாமா. யாருக்கும் மனசு வரலை.”

மாசானம் ஓரடி பின்வாங்கினார். சத்தம் போடலானார். “யார் கொண்டாந்தது இதை? யார்கிட்டக் கேட்டுக் கொண்டாந்தா? அவளைக் கூப்பிடுங்க, எனக்கு நியாயம் தெரிஞ்சாகணும். பதில் கிடைக்காம நான் நகர மாட்டேன்.”

அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

“சாமி, நீங்க சொல்லுங்க. நான் ரயில்லயே இருந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பேனா? இல்ல அந்த பஸ்ஸுலயே ஏறியிருக்கணுமா? எதுல வந்திருந்தா சரியா இருந்திருக்கும்?”

குரு பாடையின் முன்பக்கம் காலியாகக் கிடந்த மூங்கில் முனையைப் பார்த்தார்.

“சேலை வந்துட்டுது அண்ணாச்சி. நீங்க எப்ப வருவீங்க? வந்து தூக்குங்க.”