கூரி காத்த சந்து

பாறை சூழ்ந்த மலையடிக் குளத்தங்கரையில் உள்ளே நுழைய மூன்று சந்துகள் இருந்தன. சந்துக்கு ஒன்றாக மூன்று முள்ளம்பன்றிகள் காவல் நின்றன.

எல்லாம் காட்டுப்பன்றிகளுக்குப் பயந்துதான். பெயரில் பன்றி ஒட்டியிருந்தாலும் இரண்டு கூட்டத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காட்டுப்பன்றிகள் புகுந்தால் குளம் ஒரே பொழுதில் சேறாகிவிடும். தாமரைக் கிழங்கு ஒன்றுகூட மிஞ்சாது. போன கோடையில் அப்படித்தான் ஆயிற்று. பசி பொறுக்காமல் ஒரு முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு மலைமேல் போய்விட்டாள். "குளம் தெளிஞ்சா வர்றேன்டி" என்று இப்போது ஒரு சந்தைக் காக்கும் தங்கை கூரியிடம் சொல்லிவிட்டுப் போனவள்தான். அன்றிலிருந்து கூரிக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அக்காவை நினைத்து நினைத்து இளைத்துப் போனாள்.

காவலுக்குத் தலைவர் ஓர் உடும்பு. மரத்தில் ஒட்டிக்கொண்டு அதட்டுவார். "காட்டுப்பன்றிகளுக்குத் தெரிஞ்சது ரெண்டே வித்தை. ஒண்ணு, தலையைக் குனிஞ்சு பாயுறது. இன்னொண்ணு, இங்க புழுதியைக் கிளப்பிட்டு அங்க நுழைவானுங்க. எங்க சத்தம் கேட்டாலும் அவங்கவங்க சந்தை விட்டு நகரக் கூடாது. புரிஞ்சுதா?"

முள்ளம்பன்றி முகத்தைக் காட்டிச் சண்டை போடாது. எதிரிக்கு முதுகைக் காட்டி, முள்ளைச் சிலிர்த்து நிற்கும். அதனால் கூரியின் கண்ணில் எதிரி படுவதே இல்லை. நாள் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் குளமும், எதிர்க்கரைப் பாறை இடுக்கும்தான். காட்டுப்பன்றி நுழைய முடியாத அந்த இடுக்கு வழியாகத்தான் அக்கா போயிருந்தாள்.

"யாரைப் பார்த்துக்கிட்டே நிக்கிற?" என்றான் பக்கத்துச் சந்தில் நின்ற சிலும்பன்.

"யாரையும் இல்லண்ணே. தண்ணி தெளிஞ்சிருக்கு, அதான்."

"அவ வந்தா இங்கதான் வருவா. நீ காதைப் பின்னால வை."

தினமும் காட்டுப்பன்றிகள் மோதின. மூக்கில் முள்ளோடு திரும்பின. ஒருநாள் நடுச்சந்தில் புழுதி பறந்தது, ஒரே கூச்சல். கூரி அசையவில்லை. அந்தத் தந்திரமெல்லாம் அவளிடம் பலிக்காது.

அப்போது பாறை இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது. பின்னால் குட்டிகள்.

அக்காவேதான்! ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கூரி ஓடினாள்.

காட்டுப்பன்றிகளுக்கு அந்த ஒரு எட்டு போதுமாக இருந்தது. மொத்தக் கூட்டமும் தலையைக் குனிந்து அவள் சந்தில் பாய்ந்தது.

கூரி எதிர்க்கரை சேர்வதற்குள் தண்ணீர் கலங்கிவிட்டது. கிழங்கெல்லாம் வேரோடு பெயர்ந்து மிதந்தது. அக்கா குட்டிகளை முன்னே விடாமல் மறித்து நின்றாள்.

"நீ காவல் நிக்கிறேன்னு கேள்விப்பட்டுத்தான்டி இவங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

அக்கா கூரியைத் திட்டவில்லை. குட்டிகளை மறுபடி மலைப்பக்கம் திருப்பிவிட்டாள்.

ஏங்கியது கண்ணெதிரே வந்துவிட்டதென்று காவலை விட்டு ஓடுகிறவர், வந்ததையும் சேர்த்தே இழப்பார்.