இன்னும் ஒருத்தி

இதை எனக்கு முதலில் சொன்னது பூக்காரி அஞ்சலாட்சி. என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வருஷம், செஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில், ராஜகிரி மலை ஜன்னலில் தெரிந்தபோது சொன்னாள். எந்தக் கோட்டையில் நடந்தது என்று சொல்லவில்லை. இந்த மாதிரி ஒரு கோட்டை என்றாள், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் ஒரு மலைக்கோட்டை இருந்தது. உச்சிக்குப் போகிற வழியில் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். அதன் மேல் போட்டிருந்த வேங்கைமரப் பலகைதான் பாலம். பொழுது சாய்ந்ததும் ஒரு வடக்கயிறு அதைத் தூக்கி நிறுத்திவிடும்.

பகலில் குதிரைகளுக்குப் புல் அறுக்கப் பெண்கள் கீழே இறங்குவார்கள். திரும்பும்போது எல்லாருக்கும் பின்னால் வருகிறவள் பலகையைத் தாண்டியதும் "கடைசி!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் காவலாள் கயிற்றை இழுப்பான். அது அங்கத்து வழக்கம்.

அநேகமாகக் கடைசியில் வருகிறவள் செங்கேணி. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, மெதுவாகத்தான் ஏறுவாள். பலகை முன்னால் குனிந்து, "ஆத்தா, தாங்கிக்கோ" என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்பாள். அந்தக் கை படுவதற்காகவே பலகை சாயங்காலம் வரை காத்துக் கிடக்கும்.

ஒரு நாள் அடிவாரத்தில் புழுதி எழுந்தது. எதிரிப் படை. பெண்கள் புல்லுக்கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். செங்கேணியின் ஓரகத்தி பச்சையம்மா பலகையைத் தாண்டினாள். குளம்புச் சத்தம் காதில் விழுந்ததும் நடுங்கிப்போய், திரும்பிக்கூடப் பார்க்காமல், "கடைசி! இழுங்க, இழுங்க!" என்று கத்திவிட்டாள்.

பலகை பதறியது. "கயித்தண்ணே, பொறு! இன்னும் ஒருத்தி இருக்கா."

"கடைசின்னு சொல்லிட்டாங்களே, காதுல விழலையா?"

"சொன்னவ பயத்துல சொன்னா. யார் வந்தாங்க, வரலைன்னு என் முதுகுக்குத் தெரியாதா?"

"முதுகுக்கெல்லாம் வாய் முளைச்சிருச்சா?" கயிறு சிரித்தது. "இழுக்கிற கை இழுக்குது. நான் என்னத்தக் கண்டேன்?"

பலகை, கயிற்றைத் தாங்கி நின்ற பாறையிடம் கெஞ்சியது. "பெரியவரே, கயித்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க. அவ பிள்ளை உள்ள தூளியில கிடக்குது."

"என் மார்ல ராஜா பேரை வெட்டியிருக்கு, பார்த்தியா?" என்றது பாறை. "என்னை யாரும் ஜெயிச்சதில்ல. ஒரு புல்லுக்காரிக்காக அந்தப் பேரைக் கெடுத்துக்கணுமா?"

பலகை நிமிர்ந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் செங்கேணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா! நான் இருக்கேன்க்கா! மாருல பால் கட்டி நிக்குது, இறக்கச் சொல்லுக்கா!"

குதிரைகள் இன்னும் பாதி மலைகூட ஏறவில்லை. பச்சையம்மா காவலாளின் காலில் விழுந்தாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், சாமி!"

"குரல் வந்தாச்சு. இனி ராஜா உத்தரவு இல்லாம இறங்காது" என்றான் அவன்.

பிறகு குதிரைகள் வந்தன. பலகைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றது.

முற்றுகை நீண்டது. கோட்டைக்குள் சுனை வற்றியது. ஒரு காலையில் ராஜாவே, "பாலத்தை இறக்கு" என்றார். வெள்ளித் தட்டில் கோட்டைச் சாவிகளை வைத்துக்கொண்டு, காத்திருந்த எதிரியிடம் நடந்து போனார். கயிறு முனகாமல் இறங்கியது. பாறையின் மார்பில் ராஜா பேர் அப்படியே இருந்தது.

"அன்னிக்கும் இப்படி இறங்கியிருக்கலாமே, அண்ணே?" என்றது பலகை.

ராஜாவுக்குப் பின்னால் சனங்கள் போனார்கள். எல்லாருக்கும் பின்னால் பச்சையம்மா வந்தாள், இடுப்பில் செங்கேணியின் பிள்ளை. தாண்டியதும் வழக்கப்படி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலையிறங்கினாள்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போடுமுன், வெளியே ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.