லாரிச் சங்கம் போட்ட மாலை

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. இருந்தா, அடுத்து நான் குடிக்கிற டீ திரிஞ்சு போகட்டும். இதுக்கு மேல பெரிய சாபம் எனக்குத் தெரியாது.

வேலம்பட்டி ஏரின்னு ஒண்ணு. பேருதான் ஏரி. தண்ணியப் பாத்து ஏழெட்டு வருசம் ஆச்சு. அதுக்கு நடுவுல பாழடைஞ்ச மோட்டார் ரூம்பு. அதுலதான் ஒண்டிச்சாமி இருந்தாரு. ஒரு காலத்துல ஒன்றியச் சேர்மன், கார்ல போனவரு. என்ன ஆச்சோ, ஒருநாள் கட்டின வேட்டியோட ஒண்டியா வந்து உக்காந்துட்டாரு. தாடி வளந்துச்சு. சனங்க சாமின்னுட்டாங்க. நம்ம ஊர்ல தாடிக்கு அவ்வளவு மரியாதை.

அவருக்கு சிஷ்யன் ஒரே ஆளு, அம்பலவாணன். சாமிக்கு நாப்பத்தஞ்சு, சிஷ்யருக்கு அம்பத்தேழு. சம்சாரம் செத்ததுலேருந்து வாரம் தவறாம வருவாரு. பெருசாப் பேசிக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் காஞ்ச ஏரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

அந்த அம்பலவாணன் எலெக்சன்ல நின்னு எம்மெல்ஏ ஆயிட்டாரு. அதோட அஞ்சு மாசம் ஆளையே காணோம்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் கார் வந்து நின்னுச்சு. அம்பலவாணன் இறங்கினாரு. கார் அவரோடது இல்ல. தண்ணி லாரி ஓனர் சங்கத்தோடது. முன் சீட்டுல இருந்தது சங்கச் செயலாளர் குலசேகரன். டிக்கியில மாலை ஒண்ணு, அன்னிக்குக் காலையில சங்கம் போட்டது. ரோசாப்பூ மாலைதான், ஆனா கிரேன் வச்சுத் தூக்கிப் போட்டது. கழுத்துக்குப் போட்டாங்களா கட்டடத்துக்குப் போட்டாங்களான்னு சந்தேகம்.

"வாய்யா எம்மெல்ஏ" ன்னாரு சாமி. "வழி தவறிட்டியா?"

அம்பலவாணன் பழைய எடத்துல உக்காந்தாரு.

"வீட்டுல எப்பவும் நாப்பது பேரு இருக்காங்க சாமி. பேச ஒருத்தர் இல்ல."

"நாப்பது பேரும் ஊமையா?"

"பேசுறாங்க. எல்லாரும் 'அண்ணன் சொன்னாச் சரி'ங்கறாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்ல."

சாமி சிரிச்சாரு.

"நாளைக்கு சட்டசபை. வேலம்பட்டிக்குக் குடிதண்ணிக் குழாய் கேக்கணும். ஓட்டுக் கேக்குறப்ப சத்தியம் பண்ணிருக்கேன்."

"கேளு."

"குழாய் வந்தா லாரி ஓடாதே. எலெக்சனுக்கு வண்டி, பந்தல், பிரியாணி, எல்லாம் சங்கம்தான் பாத்துக்கிச்சு. இப்ப அவங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல சாமி. நாளைக்கு ஒருநாள் சும்மா இருங்கன்னு மட்டும் சொல்றாங்க."

"அடப்பாவி. சும்மா இருக்கறது என் பொழப்பு. அதுலயும் போட்டிக்கு வர்றியா?"

அம்பலவாணனுக்குச் சிரிப்பு வரல. "நான் யாரு ஆளு சாமி? அதச் சொல்லுங்க."

சாமி எந்திரிச்சு காரப் பாத்துக் கையத் தட்டினாரு. "ஏம்ப்பா, அந்த மாலைய எடுத்துட்டு வாங்க. நானும் பாக்கணும்."

குலசேகரனும் டிரைவரும் முக்கி முனகித் தூக்கிட்டு வந்தாங்க.

"உங்க அண்ணனுக்குப் போடுங்க."

போட்டாங்க. மூஞ்சி மறைஞ்சு போச்சு, மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிஞ்சுது. இந்தப் பெரிய மாலைக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா கழுத்து போயிரும். பழக்கப்பட்ட ஆளுங்க, கேக்காமலே பிடிச்சுக்கிட்டாங்க.

ஏரிக்கரையில ஒரு பொம்பள நின்னுச்சு. தெய்வானை. லாரி வருமான்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்ன பொம்பள. காலடியில அஞ்சு காலிக் குடம். எம்மெல்ஏவப் பாத்ததும் இடுப்புல சொருகியிருந்த மனுவ எடுத்து ஆட்டுச்சு.

"ஐயா! ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க! ஞாபகம் இருக்கா?"

"போயி அந்த மனுவ வாங்கிட்டு வா" ன்னாரு சாமி.

அம்பலவாணன் கரைப் பக்கம் ஒரு அடி எடுத்து வச்சாரு. மாலை காருப் பக்கம் போச்சு. அவரு சின்னதா ஒரு சுத்து சுத்தி, காருக்கு முன்னாடி போயி நின்னாரு.

"அந்தப் பக்கம்ப்பா."

"அங்க முள்ளு அண்ணே" ன்னாரு குலசேகரன், ரொம்பப் பாசமா. "மாலை கிழிஞ்சுரும். நீங்க ஏன் செரமப்படறீங்க, நான் வாங்கிட்டு வரேன்."

தன் பக்கத்து மாலையக் கார் மேல சாச்சு வச்சுட்டு ஓடினாரு. மனுவ வாங்கினாரு. தெய்வானைக்கு ஒரு கும்பிடு. திரும்பி வர்றதுக்குள்ள மனு நாலா மடிஞ்சு அவரு சட்டைப் பைக்குள்ள போயிருச்சு. மறுபடி மாலையப் பிடிச்சுக்கிட்டாரு.

அம்பலவாணன் அந்தப் பையவே பாத்தாரு.

"ரெண்டு பேரும் விடுங்க" ன்னாரு சாமி.

"ஐயோ, அண்ணன் தாங்க மாட்டாரு சாமி!"

"விடுங்கப்பா."

விட்டாங்க. அம்பலவாணன் அப்படியே முட்டி போட்டு மண்ணுல உக்காந்துட்டாரு. ரோசாப்பூ எல்லாம் மடியில வந்து குவிஞ்சுது. சாமி கண்ணக் காட்டினதும் அவங்க ரெண்டு பேரும் கார்கிட்டப் போயி நின்னாங்க.



"கழட்டணும்னு தோணுது சாமி" ன்னாரு அம்பலவாணன். "கழட்டிட்டா, அப்புறம் பக்கத்துல ஒரு ஈ காக்கா நிக்காதே."

சாமி மோட்டார் ரூம்புப் படியில போயி உக்காந்தாரு.

"எனக்கு எப்படி 'ஒண்டி'ன்னு பேரு வந்துச்சுன்னு இத்தனை நாள்ல நீ ஒருதடவ கூடக் கேக்கலியே, அம்பலம்."

கரையில தெய்வானை இன்னும் நின்னுட்டிருந்துச்சு. குலசேகரன் "நேரமாச்சு அண்ணே" ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டாரு. மாலையக் கழட்ட ரெண்டு கை போதும். அம்பலவாணன் கை ரெண்டும் பூவுக்கு அடியிலயே கெடந்துச்சு.

அவ்வளவுதான். என்ன முழிக்கிறீங்க? தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிருக்கேன், ஆளுக்கு ஒரு டீக் காசு, கூட ஒரு பன்னுக் காசு, எடுங்க வெளிய. லாரிச் சங்கத்து ஆளுங்க யாராச்சும் கூட்டத்துல இருந்தா, உங்க காசு எனக்கு வேண்டாம். சரி, சரி, மொறைக்காதீங்க, அதையும் போட்டுட்டுப் போங்க. ஆனா கதைய மட்டும் மாத்த மாட்டேன்.