ஏச்சு வாங்காதவன்

"ஒருத்தரும் என்னை ஏசுறேல்லை, கோச்" என்றான் துவாரகன்.

பயிற்சியாளர் சிந்துஜா ஹாக்கி மட்டைக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது ஒரு குறையோ, அண்ணை?"

அவளைவிட அவனுக்கு நாலு வயது கூட. கனடாவில் பிறந்தவன். சுவிட்சர்லாந்தின் மலையடிவாரத்தில், கீழ்ப்பிரிவில் தட்டுத்தடுமாறும் ஓர் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோல் போடச் சம்பளத்துக்கு வந்தவன். அவளோ அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

"நேற்றுப் பிழை விட்டது நான். ஏச்சு வாங்கினது மார்க்கோ. என்னட்டை வந்து 'பரவாயில்லை' எண்டு முதுகிலை தட்டுறாங்கள். பயிற்சி முடிய ரப்பர் வட்டுகளைப் பொறுக்கப் போனால் வாளியைப் பறிக்கிறாங்கள். புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது."

"நான் ஏசட்டோ?"

"நீங்கள் ஏசினால் காணாது. உர்ஸ் ஏச வேணும்."

உர்ஸ் அணியின் கோல் கீப்பர். உள்ளூர்க்காரன். வாயைத் திறந்தால் உடைமாற்றும் அறையே அதிரும். துவாரகனிடம் மட்டும் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசுவான்.

சிந்துஜா நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

*

சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி இன்னும் ஒரு பிரிவு கீழே போகும். அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இடமில்லை. துவாரகன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது உர்ஸ் எதிராளி ஒருவனின் காலை மட்டையால் வாரிவிட்டான்.

கோல் கீப்பர் தவறு செய்தால் அவன் கோலை விட்டுப் போக மாட்டான். தளத்தில் நின்ற வேறொருவன் அவனுக்காகத் தண்டனைக் கூண்டில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். யாரென்று சொல்வது பயிற்சியாளர். உர்ஸின் கைச்சேட்டைக்கு அந்த வருடம் எல்லாரும் கூண்டில் இருந்தாகிவிட்டது, துவாரகனைத் தவிர.

சிந்துஜா துவாரகனை நோக்கி விரலை நீட்டினாள்.

"நானோ?"

"ஓம். போய் அந்த மறியல் கூண்டிலை இருங்கோ."

அவன் போய் இருந்தான். கண்ணாடிக்கு அப்பால், ஓர் ஆள் குறைந்த அணி, பறந்து வந்த ரப்பர் வட்டுக்கெல்லாம் குறுக்கே விழுந்தது. மார்க்கோ ஒன்றை விலாவில் வாங்கி, எழும்ப முடியாமல் எழும்பினான். அவர்கள் விழுவதை இப்படிச் சும்மா உட்கார்ந்து துவாரகன் பார்த்ததே இல்லை.

கோல் விழவில்லை. கூண்டுக் கதவு திறந்தது. அவன் வெளியே பாய்ந்ததும் மார்க்கோ வட்டை அவனிடம் தள்ளிவிட்டான். முன்னால் எதிரணியின் கோல் கீப்பர் மட்டும்தான்.

நேராக அடித்திருந்தால் போதும். துவாரகன் அழகாக அடிக்கப் பார்த்தான். வட்டு கோல் கம்பத்தில் பட்டு விலகிப் போனது.

அதோடு ஆட்டமும் போனது.

*

உடைமாற்றும் அறையில் துவாரகன் தலை குனிந்தபடி, முதுகில் விழப்போகும் தட்டுக்காகக் காத்திருந்தான்.

தட்டு விழவில்லை.

உர்ஸ் கையுறையைக் கழற்றிச் சுவரில் எறிந்தான். பிறகு வாயைத் திறந்தான். ஆங்கிலம் இல்லை, சுத்தமான ஊர்ப்பேச்சு. மார்க்கோவின் விலாவைக் காட்டினான். துவாரகனின் மட்டையைப் பிடுங்கி ஆட்டினான். மூக்குக்கு நேரே விரலை நீட்டினான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. மார்க்கோ வட்டு வாளியைக் காலால் துவாரகன் பக்கம் தள்ளினான்.

துவாரகனுக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. கதவடியில் நின்ற சிந்துஜாவைப் பார்த்தான்.

"என்ன சொல்லுறான்?"

"அடுத்த வருஷமும் இப்பிடிக் கோட்டை விட்டால் மட்டையை முறிச்சுப்போடுவானாம்."

"அடுத்த வருஷம் நான் இங்கை இல்லையே, கோச்."

"ஓம், அண்ணை. அவனுக்கு அது மறந்துபோச்சு."